கரி மூச்சு – 9: ஷீலேயின் பை

தேங்காய்த் தொட்டிக்கரியின் நுண்துளைகளைப் பற்றிச் சொல்லியாயிற்று. ஒரு கிராம் கிளர்வுற்ற கரியின் உட்பரப்பு ஆயிரம் சதுர மீட்டரைத் தொடும் என்பதும், கரைப்பான்களின் ஆவி அந்தப் பரப்பில் போய் ஒட்டிக்கொள்ளும் என்பதும் தொடர்ந்து படிப்பவர்களுக்கு நினைவிருக்கும். இந்த வாரத்துக்கு வாக்களித்திருந்தது, தானாகத் தீப்பிடிக்கும் கரிப் படுகைகளின் கதை. அதற்குள் குறுக்கே வந்துவிட்டார் ஷீலே.

கார்ல் வில்ஹெல்ம் ஷீலே சுவீடனில் மருந்துக்கடை வைத்திருந்தவர். ஆக்சிஜனை முதலில் பிரித்தெடுத்தவர் அவர்தான். ஆனால் அவருடைய புத்தகம் 1777-ல் அச்சாகி வெளிவருவதற்குள் இங்கிலாந்தின் ஜோசப் பிரீஸ்ட்லி முந்திக்கொண்டார். காற்றையும் நெருப்பையும் ஆராயும் அந்தப் புத்தகத்தைத் திறப்பவர்கள் பெரும்பாலும் ஆக்சிஜன் பக்கங்களைத்தான் தேடுகிறார்கள். சில வரிகளில் முடிந்துவிடும் ஒரு கரிச் சோதனையும் அதே புத்தகத்தில் இருக்கிறது.

நன்றாக உலர்ந்த கரியைப் பொடித்து, வாலையில் பாதிக்கு நிரப்பினார் ஷீலே. உள்ளே காற்றே இல்லாமல் பிதுக்கியெடுத்த விலங்கின் சிறுநீர்ப்பை ஒன்றை வாலையின் வாயில் இறுக்கிக் கட்டினார். பிறகு சூடாக்கினார். துவண்டு கிடந்த பை உப்பத் தொடங்கியது. வாலையின் அடி செக்கச்செவேலென்று பழுத்ததும் உப்புவது நின்றது. ஆறவிட்டார். பை மெல்லச் சுருங்கியது. வெளியே வந்த காற்று கரிக்குள்ளேயே திரும்பிப் போய்விட்டது. மறுபடி சூடாக்கினார், உப்பியது. மறுபடி ஆறவிட்டார், சுருங்கியது. வெளியேறிய காற்று, கரி அடைத்த இடத்தைப்போல் எட்டு மடங்கு என்றும் குறித்துவைத்தார்.

இன்றைய ஆவி மீட்பு ஆலையின் மூலவரைபடமே இந்தச் சோதனைதான். குளிர்ந்த கரி பிடிக்கும், சூடான கரி விடும், விட்ட கரி மறுபடி பிடிக்கும். மூன்றும் ஒரே மேஜைமேல், ஒரே கரியில், சுமார் 250 ஆண்டுகளுக்கு முன்பே நடந்துவிட்டன. அதே காலத்தில் இத்தாலியின் ஃபெலிசே ஃபொன்டானாவும் கரி வாயுவை இழுப்பதைப் பாதரசத் தொட்டியில் செய்து பார்த்தார். ‘பரப்புக் கவர்ச்சி’ என்று நம் பாடப்புத்தகங்கள் சொல்வதற்கு ஜெர்மனியின் ஹைன்ரிஷ் கைசர் ‘அட்சார்ப்ஷன்’ என்று பெயர் வைத்தது 1881-ல். பெயர் பிறப்பதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்பே அதன் இரண்டு மூச்சையும் ஒரு மருந்துக்கடைக்காரர் எண்ணிப் பார்த்துவிட்டார்.

ஷீலேயின் பையை இப்போது பெரிய அளவில் பார்க்க வேண்டுமானால், ஐரோப்பாவின் கிராவ்யூர் அச்சகம் ஒன்றுக்குள் போக வேண்டும். லட்சக்கணக்கில் அச்சாகும் வண்ண இதழ்களுக்கான முறை அது. அங்கே மையைக் கரைத்துவைக்கும் திரவம் டொலுவீன். தாள் ஓடிக்கொண்டிருக்கும்போதே மை உலர்ந்தாக வேண்டும். உலர்வது என்றால், டொலுவீன் முழுக்க ஆவியாகிக் காற்றில் கலப்பது. அந்தக் காற்றை ஊருக்குள் விட முடியாது. நச்சு ஒருபுறம், பணம் மறுபுறம். ஆகவே ராட்சத விசிறிகள் அதை உறிஞ்சி, ஆளுயரத்தைத் தாண்டிய உருளைத் தொட்டிகளில் பரப்பிய கரிக்குள் செலுத்துகின்றன. ஒரு கன மீட்டர் காற்றில் சில கிராம் டொலுவீன்தான் இருக்கும். கரி அதைத் தேடிப் பிடித்துவிடும்.

படுகை எப்படி நிறைகிறது என்பதை வாய்க்கால் பாசனம் தெரிந்தவர்கள் உடனே புரிந்துகொள்வார்கள். காற்று நுழையும் பக்கம் தலைமடை. அங்குள்ள கரி முதலில் நிறையும். அது நிறைந்தபின் ஆவி அடுத்த அடுக்குக்கு நகரும். கடைமடையில் இருக்கும் கரி வெகுநேரம் வறண்டே கிடக்கும். அந்த வறட்சிதான் வெளியேறும் காற்றைச் சுத்தமாக வைத்திருக்கிறது. கடைமடையும் நனையத் தொடங்கியதும் வெளிக்குழாயில் டொலுவீன் எட்டிப் பார்க்கும். அதற்குள் வால்வைத் திருப்பி, காத்திருக்கும் இன்னொரு படுகைக்குக் காற்றை மாற்றிவிட வேண்டும். இதற்காகவே இரண்டு படுகைகளாவது எப்போதும் இருக்கும். ஒன்று பிடிக்கும்போது மற்றது விடும்.

விடவைப்பது நீராவி. அதை எந்தப் பக்கமிருந்து செலுத்துவது என்பதில் நுட்பம் இருக்கிறது. காற்று வந்த வழியிலேயே நீராவியை விட்டால், தலைமடையில் குவிந்திருக்கும் டொலுவீன் முழுவதும் கடைமடை வழியாகத் தள்ளப்படும். போகிற போக்கில் அங்கேயும் கொஞ்சம் தங்கிவிடும். அடுத்த சுற்றில் சுத்தக் காற்று வெளியேற வேண்டிய வாசலே அழுக்காகியிருக்கும். எனவே நீராவி எதிர்த்திசையில் வரும். கடைமடை முதலில் குளிக்கும், தலைமடையின் சுமை வந்த வழியே திரும்பும்.

டொலுவீனின் கொதிநிலை 110.6 டிகிரி செல்சியஸ். தாழ்ந்த அழுத்தத்தில் வரும் நீராவியின் சூடு நூறு டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். கொதிநிலையையே தொடாத நீராவி எப்படி அதை விரட்டுகிறது? இட்லிக் கொப்பரைமேல் கைவைத்துச் சுட்டுக்கொண்டவர்களுக்குப் பாதி விடை தெரியும். நீராவி குளிர்ந்த பரப்பைத் தொட்டு நீராகும்போது, கிலோவுக்குச் சுமார் 2,257 கிலோஜூல் வெப்பத்தை அங்கேயே கொட்டிவிடும். கரி அதை வாங்கிச் சூடாகிறது. மீதிப் பாதி, நீராவியின் ஓட்டம். கரியைவிட்டுக் கிளம்பும் டொலுவீன் மூலக்கூறுகளை அது நிற்கவிடாமல் அள்ளிக்கொண்டு போகிறது. சுற்றிலும் டொலுவீன் குறையக் குறைய, உள்ளே இருப்பதும் கிளம்பி வருகிறது. நீரும் டொலுவீனும் சேர்ந்தால் சுமார் 85 டிகிரியிலேயே கொதிக்கும் என்பதும் இங்கே கைகொடுக்கிறது.

இரண்டும் கலந்த ஆவியைக் குளிர்வித்தால் கலங்கிய திரவம் கிடைக்கும். அதைச் சும்மா நிற்கவைத்தாலே போதும். டொலுவீன் நீரில் கரையாதது என்றே சொல்லலாம், அடர்த்தியும் குறைவு. எண்ணெய்போல மேலே மிதக்கும். வடித்தெடுத்து மறுபடி மைக்கு அனுப்பிவிடலாம். அசிட்டோனிடம் இந்தச் சௌகரியம் கிடையாது. அது நீரோடு முழுக்கக் கலந்துவிடுவதால் தனியே காய்ச்சி வடிக்க வேண்டும், செலவும் கூடும்.

செலவுக்கணக்கில்தான் இந்தத் தொழிலின் உயிர் இருக்கிறது. ஒரு கிலோ கரைப்பானை மீட்க மூன்று நான்கு கிலோ நீராவி சாதாரணமாகச் செலவாகும். ஈரத்துணியைப் பிழிவதுபோலத்தான் இதுவும். முதல் முறுக்கில் தண்ணீர் கொட்டும். பிறகு எவ்வளவு முறுக்கினாலும் சொட்டுச் சொட்டாகத்தான் வரும். மிக நுண்ணிய துளைகளில் இருபுறச் சுவர்களும் மூலக்கூறைச் சேர்ந்து பற்றியிருக்கும். அங்கே தங்கும் கடைசி டொலுவீனை வெளியேற்ற நீராவியைக் கொட்டிக்கொண்டே இருக்க வேண்டியதாகும். ஆகவே ஆலைக்காரர்கள் ஓரளவுக்குமேல் பிழிவதில்லை. மிச்சத்தைக் கரியிலேயே விட்டுவைக்கிறார்கள். கரி மொத்தம் எவ்வளவு பிடிக்கும் என்பதை வைத்து அவர்கள் படுகை கட்டுவதில்லை. ஒரு சுற்றில் எவ்வளவு பிடித்து எவ்வளவு விடும் என்ற வித்தியாசமே அவர்களுக்குக் கணக்கு. பல நேரங்களில் அது மொத்தக் கொள்ளளவில் பாதிகூட இருக்காது.

நம் தொட்டிக்கரிக்கு இந்த இடத்தில்தான் சோதனை வருகிறது. காங்கேயத்திலும் இலங்கையிலும் உருவாகும் தொட்டிக்கரியின் பெருமையே அதன் மிக நுண்ணிய துளைகள்தாம். முதல் உலகப்போரின் நச்சுவாயு முகமூடிகளுக்கு அதைவிடச் சிறந்த கரி கிடைக்கவில்லை. முகமூடியின் வேலை பிடிப்பது மட்டுமே, விடவே கூடாது. 1918-ல் தேங்காய்த் தொட்டி போதாமல், அமெரிக்க அரசு பீச் பழக்கொட்டைகளைச் சேர்த்துத் தரும்படி மக்களைக் கேட்டது. ஒரு முகமூடிக்கு ஏழு பவுண்டு கொட்டை என்று சுவரொட்டிகள் அறிவித்தன. தின்றுவிட்டு எறிந்த கொட்டைகள் ஊர் ஊராகச் சேர்ந்தன.

அதே தொட்டிக்கரியைப் பெட்ரோல் வண்டியில் வைத்தால் கதை மாறும். நிறுத்திவைத்த வண்டியின் டாங்கில் எழும் பெட்ரோல் ஆவியைப் பிடிக்க ஒரு சிறு கரிப்பெட்டி உண்டு. கலிபோர்னியாவில் 1970 மாடல் கார்களிலிருந்து இந்தக் கட்டுப்பாடு வந்தது. இந்தியாவில் பிஎஸ்-6 ஸ்கூட்டர்களிலும் இப்போது அந்தப் பெட்டி இருக்கிறது. வண்டி நிற்கும்போது கரி ஆவியைப் பிடிக்கும். ஓடும்போது என்ஜின் அந்தப் பெட்டி வழியாக வெளிக்காற்றை இழுத்து, ஆவியைக் கழுவி எடுத்து எரித்துவிடும். நீராவி இல்லை, அடுப்பு இல்லை. வெறும் காற்றுக்கே கரி இளகிக் கொடுக்க வேண்டும். தொட்டிக்கரியின் நுண்துளைகளோ பெட்ரோல் ஆவியில் இருக்கும் பியூட்டேனைப் பிடித்தால் எளிதில் விடா. அதனால் இந்தப் பெட்டிகளுக்குச் சற்றே அகன்ற துளைகள் கொண்ட மரக்கரியைத் தயாரிக்கிறார்கள். அதன் தரத்தை அளக்கும் முறையும் அதற்கேற்றதுதான். கரியில் பியூட்டேனை நிரப்பி, பிறகு காற்றை ஊதி, எவ்வளவு வெளியே வந்தது என்று எடைபோடுகிறார்கள். மதிப்பெண் வெளியே வந்ததற்கு.

தீப்பிடிக்கும் படுகைகளுக்கு இந்த வாரம் இடம் போதவில்லை. கதையின் முனையை மட்டும் இப்போதைக்குப் பிடித்துவைக்கலாம். டொலுவீன் பிடித்த கரி சாதுவானது. மெத்தில் எத்தில் கீட்டோன், சைக்ளோஹெக்சனோன் போன்ற கரைப்பான்கள் அப்படியில்லை. கரியின் பரப்பிலேயே ஆக்சிஜனோடு வினைபுரிந்து வெப்பத்தைக் கிளப்பும். நீராவி பாய்ந்து முடிந்த படுகையில் ஈரம் இருக்கும்வரை அந்த வெப்பம் ஈரத்தை ஆவியாக்குவதில் செலவாகிவிடும். ஈரம் உலர்ந்தபின் படுகையின் நடுவில் எங்கோ ஓரிடத்தில் சூடு ஏறத் தொடங்கும். வெளிக்குழாயில் கார்பன் மோனாக்சைடு தென்படுகிறதா என்று கருவி ஒன்று விடாமல் முகர்ந்துகொண்டிருப்பது அதற்காகத்தான். அந்தக் கருவி அலறிய பிறகு என்ன செய்கிறார்கள் என்பது அடுத்த வாரம்.