காயாத வியர்வை

வருடத்தின் முதலாந் தவணை தொடங்கிப் பாடசாலைகளில் இல்ல விளையாட்டுப் போட்டிகள் நெருங்கிவிட்டால், எமது கரையோரப் பெருவீதி புத்துயிர் பெற்றுவிடும். மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர் என்று ஊர்கள் ஒன்றோடொன்று தோள்தொட்டுக் கிடக்கும் அவ்வீதியில், இலக்கத் துண்டுகளை மார்பிற் குத்திக்கொண்டு மாணவர்கள் ஓடுவர். வேலியோரத்தில் தாய்மார் வாளியும் குவளையுமாய் நிற்பர். ‘மரதன்’ என்று நாம் பெருமையோடு அழைக்கும் இவ்வோட்டம் பெரும்பாலும் சில கிலோமீற்றர்களுள் முடிந்துவிடும். 42 கிலோமீற்றருக்கும் மேற்பட்ட ஒலிம்பிக் மரதனோடு ஒப்பிட்டால் மிகச் சிறியதே. சிறியது என்பதனாலேயே அதில் ஆபத்தில்லை என்றும் எண்ணிவிடுகின்றோம்.

அவ்வெண்ணம் சரியானதன்று. 2024ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், எமது அம்பாறைக் கரையோரத்திலேயே, பாடசாலை மரதன் ஓட்டத்திற் கலந்துகொண்ட மாணவர் ஒருவர் உயிர் துறந்தார். அச்சாவின் காரணத்தை ஆராய்வது எமது நோக்கமன்று. ஆயினும், காலையில் சப்பாத்துக் கட்டிக்கொண்டு புறப்பட்ட பிள்ளை மாலையில் வீடு திரும்பவில்லை என்பதை எண்ணும்போது, இவ்விஷயத்தை ஒவ்வொரு குடும்பமும் அறிந்து வைத்திருத்தல் கடமையென்றே தோன்றுகின்றது.

பானையும் சாரமும்

ஓடும்போது எமது தசைகள் செலவிடும் சக்தியில் ஏறக்குறைய நாலில் மூன்று பங்கு வெப்பமாகவே மாறுகின்றது. அவ்வெப்பத்தை வெளியேற்ற உடம்பு கையாளும் முக்கிய உபாயம் வியர்வையாகும். ஆனால், வியர்வை வடிவதனால் உடம்பு குளிர்வதில்லை. அது காய்வதனாலேயே குளிர்கின்றது. மண்பானையின் நீர் குளிர்ந்திருப்பதும் இக்காரணம் பற்றியே. பானையின் புறத்தே கசியும் ஈரம் காற்றிற் காயும்போது உள்ளிருக்கும் வெப்பத்தையும் கவர்ந்து செல்கின்றது. ஒரு லீற்றர் வியர்வை முற்றாகக் காய்ந்தால், ஏறத்தாழ 580 கிலோ கலோரி வெப்பம் உடலை விட்டு நீங்கும். அதே வியர்வை காயாமல் நிலத்திற் சொட்டினால், நீரை இழந்தோமேயன்றிக் குளிர்ச்சியைப் பெற்றோமில்லை.

இங்கேதான் கடலோர வாழ்வின் சிக்கல் இருக்கின்றது. கச்சான் வீசும் நாட்களில் வெயில் சுட்டெரித்தாலும், கொடியிற் போட்ட மருதமுனைச் சாரம் சற்று நேரத்திற் காய்ந்துவிடும். வாடைக் காலத்து மழை ஓய்ந்து, காற்றும் ஓய்ந்து, கடலீரம் ஊரை மூடி நிற்கும் மார்ச், ஏப்பிரல் மாதத்துப் புழுக்கத்திலோ, அதே சாரம் நெடுநேரம் ஈரமாகவே தொங்கும். சாரம் காயாத நாளில் உடம்பின் வியர்வையும் காயாது. இது எந்தக் கருவியுமின்றி எவரும் அறியக்கூடிய எளிய அளவுகோல்.

குறுந்தூரம் என்னும் மயக்கம்

குறுந்தூர ஓட்டத்திற் களைப்பதற்குள் எல்லையை அடைந்துவிடலாமே என்று மாணவர் கேட்கலாம். ஒரு சிறு கணக்கைப் பார்ப்போம். 50 கிலோ நிறையுள்ள மாணவன் ஒருவன் 5 கிலோமீற்றர் ஓடினால் சுமார் 250 கிலோ கலோரி சக்தியைச் செலவிடுவான். அதில் வெப்பமாகும் பங்கு சற்றும் வெளியேறாமல் உடம்பிலேயே தங்குமானால், அவனுடைய உடல் வெப்பம் 4 பாகை செல்சியசுக்கு மேல் உயரும். அதாவது, 37 பாகையிலிருந்து 41 பாகையைத் தாண்டும். உண்மையில் ஒரு பகுதி வெளியேறவே செய்யும். ஆயினும் தூரம் குறையக் குறைய வேகம் கூடுகின்றது. வேகம் கூட, நிமிடத்துக்கு நிமிடம் பிறக்கும் வெப்பமும் கூடுகின்றது. ஆகவே, குறுந்தூரம் எமக்குக் காவலாகாது.

வெயில் இல்லாவிட்டால் அபாயமில்லை என்பதும் மற்றொரு மயக்கம். 2019ஆம் ஆண்டு கட்டார் நாட்டின் டோஹா நகரில் நடைபெற்ற உலக மெய்வல்லுநர் போட்டியில், பெண்களுக்கான மரதன் ஓட்டத்தை வெப்பத்துக்கு அஞ்சி நள்ளிரவில் நடத்தினர். சூரியன் இல்லை, ஆனால், புழுக்கம் இருந்தது. உலகின் தலைசிறந்த வீராங்கனைகள் 68 பேர் ஓடத் தொடங்கினர்; எல்லையை அடைந்தவர்கள் 40 பேரே.

ஓடுவதற்கு முன்

இதனால் ஓடவே கூடாது என்று கூறுவாரில்லை. வெப்பத்துக்கு உடம்பைப் பழக்கலாம். நாள்தோறும் சிறிது சிறிதாகப் பயிற்சியைக் கூட்டி வந்தால், 10 முதல் 14 நாட்களுக்குள் உடம்பு விரைவாகவும் மிகுதியாகவும் வியர்க்கக் கற்றுக்கொள்கின்றது. இதயத்தின் பளுவும் குறைகின்றது. வருடம் முழுவதும் ஓடாதிருந்துவிட்டுப் போட்டி நாளன்று மட்டும் வீதியில் இறங்கும் மாணவனுக்கு இப்பாதுகாப்பு இல்லை.

அதிகாலையே ஓட்டத்துக்கு ஏற்ற வேளை. எனினும், அப்போதும் காற்றில் ஈரம் நிறைந்திருக்குமாதலால், முதற் கிலோமீற்றரை நிதானமாகவே ஓடுதல் வேண்டும். மெல்லிய, வெளிர்நிற, தளர்வான உடை அணிக. தாகத்துக்கேற்ப நீர் பருகுக. அளவு கடந்து குடிப்பதும் இரத்தத்தின் உப்பைக் குறைத்துத் தீங்கு விளைக்கும். ஓட்டம் முடிந்தபின் இளநீரோ, உப்பிட்ட தேசிக்காய்ச் சாறோ நன்று. காய்ச்சலிலிருந்தோ வயிற்றோட்டத்திலிருந்தோ மீண்டு சில நாட்களே ஆனவன் ஓடுதல் ஆகாது. நோன்பு மாதம் இவ்வாண்டுகளில் வருடத்தின் முற்பகுதியிலேயே வருவதால், நோன்பாளியான பிள்ளைக்குப் பகலிற் கடும் பயிற்சி வேண்டாம். நோன்பு திறந்து, நீர் அருந்தி, இளைப்பாறிய பின்னர் மெல்ல ஓடுவதே தகும்.

விழுந்தவனைக் காத்தல்

ஓடுகின்றவன் தள்ளாடினாலோ, திசை தப்பினாலோ, கேட்ட கேள்விக்குப் பொருந்தாத விடை கூறினாலோ, அது வெறுங் களைப்பன்று. உடலின் உள்வெப்பம் 40 பாகையைக் கடந்து மூளையைத் தாக்கத் தொடங்கியதன் அடையாளமாக அஃது இருக்கலாம். தோல் வியர்வையால் நனைந்திருக்கின்றதே என்று ஆறுதல் கொள்ளற்க. ஓடும்போது வரும் வெப்பத்தாக்கில் வியர்வை நிற்காமலும் இருக்கலாம்.

இந்நிலையில் வைத்தியர்கள் வகுத்துள்ள விதி ஒன்றே: முதலிற் குளிரச் செய்க, பின்னர் கொண்டு செல்க. அமெரிக்காவின் பல்மத் என்னும் கடற்கரையூரில், ஓகஸ்ட் மாதத்துப் புழுக்கத்தில் ஆண்டுதோறும் 11 கிலோமீற்றர் வீதியோட்டம் நடைபெறுகின்றது. அங்கே வெப்பத்தாக்குக்கு ஆளானோரை உடனடியாக ஐஸ் நீர்த் தொட்டியில் அமிழ்த்துவது வழக்கம். 18 ஆண்டுகளில் இவ்வாறு சிகிச்சை பெற்ற 274 பேரில் ஒருவர்கூட இறக்கவில்லை என்று 2015இல் வெளியான ஆய்வு கூறுகின்றது.

இத்தகைய சிகிச்சைக்குப் பெருஞ் செலவில்லை. மீன்பிடி ஊர்களாகிய எமக்கு ஐஸ் கட்டிக்குப் பஞ்சமா? ஒரு பெரிய தொட்டி, அஃதில்லையேல் நாலு பேர் முனை பிடிக்கும் ஒரு படங்கு, அதில் நீரும் ஐசும், இவையிருந்தாற் போதும். தலையை நீருக்கு மேலே தாங்கிப் பிடித்து, கழுத்துவரை உடலை நனைத்து, நீரைக் கலக்கிக்கொண்டே இருத்தல் வேண்டும். அதே வேளையில் மற்றொருவர் 1990 என்னும் இலக்கத்துக்கு அழைத்து அம்புலன்சை வரவழைக்கட்டும். மயக்கத்திலிருப்பவன் வாயில் நீர் ஊற்றுதல் கூடாது. போட்டி நாளன்று வெற்றிக் கிண்ணத்தை மேசைமேல் வைக்கும் முன்னரே இத்தொட்டியை எல்லைக் கோட்டருகே வைத்துவிடுதல் சாலச் சிறந்தது.

இறுதியாக, கருவிகளாலும் ஐசினாலும் ஆகாத காரியம் ஒன்றுண்டு. இடையில் நின்றுவிட்ட பிள்ளையைக் கண்டு நகைப்பதும், “இன்னும் கொஞ்சந்தான், விடாதே ஓடு!” என்று விரட்டுவதும் எம்மவரிடையே உள்ள பழக்கம். இல்லத்தின் மானம் காக்க ஓடும் சிறுவனுக்கு அச்சொல்லை மீற மனம் வராது. வீதியோரத்தில் நீர்க் குவளையோடு நிற்கும் தாயும், மணிக்கூட்டோடு நிற்கும் ஆசிரியரும், “முடியாவிட்டால் நில் மகனே, அடுத்த வருடமும் ஓட்டம் இருக்கின்றது” என்று சொல்லப் பழகட்டும். அடுத்த வருடம் அவன் ஓட வேண்டுமானால், இவ்வருடம் அவன் பத்திரமாக வீடு வந்து சேர வேண்டுமன்றோ?