உஷார்! அந்த அருவியில் விசில் ஊத ஆள் இல்லை

அரையாண்டுப் பரீட்சை முடிந்ததும் காரைக்குடிப் பக்கத்து இளவட்டங்களின் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு வீடியோ சுற்ற ஆரம்பிக்கும். கரும்பாறை, நுரைத்து விழும் தண்ணீர், கீழே 'யாருக்கும் தெரியாத அருவி, காட்டுக்குள்ள கொஞ்ச நேரம் நடந்தா போதும்' என்று ஒரு வரி. மறுநாள் இருட்டோடு இருட்டாக டூவீலர்கள் கிளம்பிவிடும். சிங்கம்புணரி, கொட்டாம்பட்டி, நத்தம் என்று பிடித்தால் கரந்தமலை, சிறுமலை அடிவாரம் வந்துவிடுகிறது. இன்னும் துணிந்தவர்கள் தாண்டிக்குடிப் பக்கம் வரை போகிறார்கள். ஆச்சி கேட்டால் 'நத்தத்தில் கல்யாணம்' என்று பதில்.

வண்டியை எடுக்கும் முன் ஒரு நிமிடம்.

கார்த்திகை தீபம் ஏற்றிவிட்டால் மழை போய்விட்டது என்று நம்மூரில் ஒரு கணக்கு உண்டு. அதை நம்பாதீர்கள். 2023இல் மார்கழி முதல் தேதி, அதாவது டிசம்பர் 17 அன்று பிடித்த மழைதான் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. கொட்டித் தாமிரபரணிக் கரையையே மூழ்கடித்தது. அடுத்த வருடம் தீபம் டிசம்பர் 13. அந்த நாளில் குற்றாலம் மெயினருவியில் பாதுகாப்பு வளைவே கண்ணில் படாத அளவுக்கு வெள்ளம் பாய்ந்தது. சிறுமலை மாதிரி கிழக்கே ஒதுங்கி நிற்கும் மலைகளுக்குத் தண்ணீர் கொடுப்பதே இந்த வடகிழக்குப் பருவமழைதான். ஆகவே அங்கே அருவி அழகாக விழும் நாளும் ஆளைக் கொல்லும் நாளும் பெரும்பாலும் ஒரே நாள்.

நமக்கு இது ஏன் பிடிபடுவதில்லை என்றால், நாம் கண்மாயும் ஊருணியும் பார்த்து வளர்ந்தவர்கள். கண்மாய் நிறைய நாள்கணக்காகும். கலுங்கு தாண்டுவதற்குள் ஊருக்கே சேதி போய்விடும். மலை ஓடை அப்படியில்லை. செங்குத்தான பாறைச் சரிவு, மேலே சொற்ப மண். பெய்ததைப் பிடித்து வைக்க அங்கே எதுவும் இல்லை. நீங்கள் குளிக்கும் இடத்தில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும். சில கிலோமீட்டர் மேலே, உங்கள் கண்ணுக்கு எட்டாத மடிப்பில் கொட்டிய மழை நிமிடங்களில் தலைக்கு மேல் வந்து நிற்கும்.

2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் அதுதான் நடந்தது. குளித்துக்கொண்டிருந்த கூட்டம் அலறிச் சிதற, நெல்லையைச் சேர்ந்த 17 வயது மாணவன் அடித்துச் செல்லப்பட்டு இறந்தான். அது சாலை போட்ட, கம்பி கட்டிய, கடைகள் நிறைந்த அருவி. அங்கேயே இந்தக் கதி. ரீல்ஸில் பார்த்த அருவியில் விசில் ஊதவும் ஆள் கிடையாது, கத்தினால் கேட்கவும் ஆள் கிடையாது, போனில் சிக்னலும் கிடையாது.

தெளிந்த தண்ணீர் திடீரென்று செம்மண் நிறத்துக்கு மாறினால், சருகும் சுள்ளியும் மிதந்து வந்தால், சத்தம் கனத்தால், செல்போனும் செருப்பும் கிடக்கட்டும். ஓடையோடு கீழே ஓடாதீர்கள். பக்கவாட்டில் கரையேறி மேட்டுக்குப் போங்கள். அக்கரையில் மாட்டிக்கொண்டால் அங்கேயே உட்காருங்கள். மலை வெள்ளம் வந்த வேகத்தில் வடியக்கூடியது. பசியோடு சில மணி நேரம் காத்திருப்பதில் யாரும் செத்ததில்லை. கைகோர்த்துக்கொண்டு கடக்கலாம் என்று யோசனை சொல்பவனை முதலில் உட்கார வையுங்கள்.

வெள்ளமே வராவிட்டாலும் பாறை இருக்கிறது. 2022 ஆகஸ்டில் தாண்டிக்குடி மலைப்பக்கம் புல்லாவெளி அருவியில், பரமக்குடியைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் விளிம்புப் பாறையில் நின்று போஸ் கொடுக்க, நண்பர் படம் பிடிக்க, கால் வழுக்கி உள்ளே போனார். உடலை மீட்கவே நாட்கள் ஆயின. அந்த வீடியோவை நாடே பார்த்தது. பார்த்துவிட்டு அதே பாறையைத் தேடிப் போனவர்களும் உண்டு என்பதுதான் வயிற்றெரிச்சல்.

'எனக்கு நீச்சல் தெரியும்' என்பவர்களுக்குத்தான் கூடுதல் எச்சரிக்கை. நுரைத்த நீரில் பாதி காற்று; அது உடலைத் தாங்காது. விழும் தண்ணீர் ஆளை அடியிலேயே சுழற்றும். பெரியகுளம் கும்பக்கரையில் பாறைக் குழிகளுக்கு யானைக் கெஜம், பாம்புக் கெஜம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். உள்ளூர்க்காரர் எதை எங்கே நெருங்கக் கூடாது என்று அறிந்தவர். பெயரில்லாத அருவியில் குழிக்கு யார் பெயர் வைப்பது? ஒருவன் விழுந்தால் இன்னொருவன் குதிக்காதீர்கள். கயிறோ வேட்டியோ நீளக் கம்போ நீட்டுங்கள்.

தடை போட்ட இடத்துக்குச் சுற்றுவழி சொல்லும் ஆசாமிகளையும் நம்ப வேண்டாம். வாடிப்பட்டி அருகே குட்லாடம்பட்டி அருவியின் படிகளையும் கம்பிகளையும் 2018 கஜா புயல் சிதைத்தது. அதன்பின் ஆண்டுக்கணக்கில் அங்கே குளிக்க விடவில்லை. அதே 2018 மார்ச்சில் குரங்கணி மலைத்தீ 20க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. கொன்றது நெருப்புதான் என்றாலும், முறையான அனுமதியில்லாமல் காட்டுக்குள் போனவர்களை யார் எங்கே தேடுவது என்ற சிக்கல் அருவிக்கும் பொருந்தும். 2024 அக்டோபரில் அரசே 40 மலையேற்றப் பாதைகளைத் திறந்து, இணையத்தில் பதிவு, கூடவே வழிகாட்டி என்று ஏற்பாடு செய்திருக்கிறது. கட்டணம் கூடுதல் என்று முணுமுணுப்பவர்கள் பக்கம் நியாயம் உண்டு. ஆனாலும் அதில்தான் போக வேண்டும். குன்றக்குடியிலிருந்து பழனிக்குக் காவடியோடு நடக்கும் நகரத்தார் கூட்டத்தில் எங்கே தங்குவது, எப்போது கிளம்புவது என்பதெல்லாம் தலைமுறைகளாக வகுத்து வைத்தது. யாரும் இஷ்டத்துக்குக் காட்டில் இறங்குவதில்லை.

டிசம்பரில் ஆறு மணிவாக்கில் சூரியன் மறையும். பள்ளத்தாக்கில் அதற்கு வெகு முன்பே இருட்டிவிடும். பிற்பகல் மூன்றுக்குள் திரும்ப நடக்க ஆரம்பித்துவிட வேண்டும். நனைந்த உடையோடு இரவில் மாட்டினால் குளிரும் காட்டுமாடும் தனித்தனிப் பிரச்சினைகள்.

பத்திரமாக வீடு வந்தவர்களுக்கும் ஒன்று பாக்கி. புதர்களில் ஒட்டும் மிகச் சிறிய பூச்சியின் இளம்புழுக்கள் கடித்தால் வருவது ஸ்க்ரப் டைஃபஸ், நம்மூர் வழக்கில் உண்ணிக் காய்ச்சல். தமிழ்நாட்டில் மழையும் குளிரும் உள்ள மாதங்கள்தான் இதற்குப் பருவம். கடித்த இடம் வலிக்காது. பிறகு சிகரெட் சுட்டதுபோல் கறுப்புப் பொருக்கு வரலாம், அதுவும் அக்குள், இடுப்பு, தொடையிடுக்கு என்று மறைவான இடத்தில். காய்ச்சல் ஒரு வாரம் கழித்தோ மூன்று வாரம் நெருங்கியோ வரும். அதற்குள் அருவிக்குப் போனதே மறந்திருக்கும். டாக்ஸிசைக்ளின் மாத்திரைக்குக் கட்டுப்படும் நோய், தாமதமானால் நுரையீரலையும் சிறுநீரகத்தையும் பிடிக்கும். ஆச்சியிடம் என்ன சொன்னீர்களோ அது உங்கள் பாடு; டாக்டரிடம் மட்டும் நத்தத்தில் கல்யாணம் என்று சொல்லாதீர்கள்.