ரிவிட் அடிச்சா பறக்கலாம்!

'அவனுக்கு நல்லா ரிவிட் அடிச்சுட்டாங்கடா'னு காலேஜ்ல யாராவது சொன்னா, பார்ட்டி காலினு அர்த்தம். ஆனா, அமெரிக்காவுல சில பேர் வீட்டு கார் ஷெட்டுல உட்கார்ந்து நிஜமாவே ரிவிட் அடிக்கிறாங்க. ஒண்ணு ரெண்டு இல்லீங்க... பத்தாயிரத்துக்கும் மேல! அடிச்சு முடிச்சதும் அதுலயே ஏறி உட்கார்ந்து பறந்தும் போயிடறாங்க.

கிட் ஏரோப்ளேன்! அலுமினியத் தகடு, ரிப், ரிவிட், புக்னு எல்லாம் மரப்பெட்டியில வரும். நாமதான் விமானமா மாத்திக்கணும். பாதிக்கு மேல வேலையை நீங்களே செஞ்சிருக்கணும், அதுவும் கத்துக்கறதுக்காக இல்லைனா பொழுதுபோக்குக்காகச் செஞ்சிருக்கணும்கிறது அந்த ஊர் சட்டம். '51 சதவிகித ரூல்'னு இதுக்குச் செல்லப் பேர்.

இந்த ஏரியாவுல பெரிய தலை, ஆரிகன் மாநிலம் அரோராவுல இருக்கிற வான்ஸ் ஏர்கிராஃப்ட். 1973-ல ஆரம்பிச்சவர் ரிச்சர்ட் வான்க்ரன்ஸ்வென். அவரோட இனிஷியல்தான் 'ஆர்.வி.'ங்கிற மாடல் பேர். இதுவரைக்கும் 11,000-க்கும் அதிகமான ஆர்.வி. விமானங்கள் பறந்திருக்கு. அதுல பெரும்பாலானது யாரோ ஒருத்தர் வீட்டுலயோ ஹேங்கர்லயோ கட்டினது!

ரெண்டு பேர் பக்கத்துல பக்கத்துல உட்கார்ற ஆர்.வி.-7-ஐ எடுத்துக்குவோம். முதல்ல வால் பகுதி கிட் வாங்குவாங்க. அதுல கை பழகின பிறகுதான் விங். (வாலோட ஆர்வம் வத்திப்போய் பெட்டியை வித்துட்டுப் போனவங்களும் நிறைய. நம்ம அரியர் கேஸ் மாதிரி.)

விங்குக்கு முதுகெலும்பு ஸ்பார். நாலாவது செமஸ்டர்ல கான்டிலீவர் பீமுக்கு பெண்டிங் மொமென்ட் டயகிராம் போட்டோமே, ஞாபகம் இருக்கா? நுனியில ஜீரோ, சுவத்துக்கிட்ட மேக்ஸிமம். அதேதான் இங்கேயும். விமானத்தோட உடம்புக்கிட்ட ஸ்பார் தடியா இருக்கும், நுனிக்குப் போகப் போக மெலிஞ்சுடும். குட்டிக்கரணம் அடிக்கும்போது 726 கிலோ வரைக்கும் இருக்கிற இந்த விமானத்துக்கு லிமிட் 6 ஜி. பெருக்கிப் பாருங்க... சுமார் 4,350 கிலோ. ஒரு கொம்பன் யானையை ரெண்டு விங்கும் சேர்ந்து தூக்கற கணக்கு! அதுக்கும் மேல ஒன்றரை மடங்கு தாங்கற மாதிரிதான் டிசைன் பண்ணியிருக்காங்க. இவ்வளவு முக்கியமான சமாச்சாரம்கிறதால மெயின் ஸ்பாரை மட்டும் கம்பெனியே ரிவிட் அடிச்சு அனுப்பிடுது.

மத்ததெல்லாம் நம்ம தலையில. ரிப் ஒவ்வொண்ணும் லேசா வளைஞ்சுதான் வரும். அதை இடுக்கியால அங்கங்கே நெளிச்சு நேராக்கணும். அப்புறம் தகட்டை வெச்சு, 'கிளீகோ'ங்கிற ஸ்பிரிங் ஊசியை ஓட்டைக்கு ஓட்டை குத்தி நிறுத்தணும். ட்ரில் பண்ணணும். மறுபடி எல்லாத்தையும் கழட்டணும். ஒவ்வொரு ஓட்டையிலயும் ரெண்டு பக்கமும் பிசிறு எடுக்கணும். ரிவிட் தலை வெளியே துருத்தாம இருக்க, ஓட்டையைச் சுத்தி அச்சு வெச்சு அழுத்திக் குழி பண்ணணும். பிறகு மறுபடி மாட்டணும். ஆமா, மாட்டிக் கழட்டி மாட்டறதுதான் விமானம் கட்டறது!

பிசிறு எடுக்கறதுனு சொன்னதும் எனக்கு ஃபர்ஸ்ட் இயர் ஃபிட்டிங் லேப்தான் ஞாபகம் வந்துச்சு. 'வி' ஜாயின்ட். ஒரு வாரம் ராவு ராவுனு ராவி எடுத்துட்டுப் போனேன். சார் வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சுப் பார்த்துட்டு, "நடுவுல சைக்கிளே ஓட்டலாம் போலிருக்கே"ன்னார். ஆனாலும் பத்துக்கு ஆறு போட்டார், பாஸ்! விங்குல இந்தப் 'பத்துக்கு ஆறு' செல்லாது.

ரிவிட் அடிக்கறது ரெண்டு ஆள் வேலை. ஒருத்தர் வெளியே இருந்து ஏர் கன்னால அடிப்பார். இன்னொருத்தர் உள்ளே கையை விட்டு ஒரு இரும்புக் கட்டியை முட்டுக்கொடுத்துப் பிடிக்கணும். பெரும்பாலும் கட்டி பிடிக்கறது வீட்டம்மா! அடிச்ச பிறகு உள்பக்கத் தலை, ரிவிட்டோட விட்டத்துல ஒன்றரை மடங்கு அகலமும் பாதி அளவு உயரமும் இருக்கணும். கோணிக்கிச்சா? ட்ரில் பண்ணி எடுத்துட்டு வேற அடிக்கணும். அதுலயும் ட்ரில் கொஞ்சம் வழுக்கினா ஓட்டை பெருசாயிடும். ஒரு தப்பைத் திருத்தப் போய் ரெண்டு தப்பு! கை பழகாதவங்க சுமாரான ரிவிட்டை அப்படியே விட்டுடறது நல்லதுனு அனுபவசாலிகள் சொல்றாங்க. எதை விடறது, எதை எடுக்கறதுனு தெரியறதுதான் அங்கே நிஜமான பரீட்சை.

இன்னொரு விஷயம், முறுக்கு. விங்கை நிமிர்த்தி ஸ்டாண்டுல மாட்டி, நம்ம கொத்தனார் சுவருக்குத் தொங்கவிடற மாதிரியே தூக்குக்குண்டு தொங்கவிட்டுப் பார்க்கறாங்க. விங் லேசா முறுக்கிக்கிட்டாலும் விமானம் ஒரு பக்கமாவே சாஞ்சு சாஞ்சு போகுமாம்.

சரி, 2023-க்கு வருவோம். கொரோனா காலத்துல வீட்டுல அடைஞ்சு கிடந்த ஜனங்க கிட்டா வாங்கித் தள்ளினாங்க. வழக்கமா பஞ்ச் மெஷின்ல ஓட்டை போடற வான்ஸ் கம்பெனி, சமாளிக்க முடியாம கொஞ்சம் பார்ட்ஸை வெளியே லேசர்ல வெட்ட அனுப்புச்சு. லேசர் ஒரு வட்டம் போட்டு, ஆரம்பிச்ச இடத்துக்கே வந்து நிக்கும் இல்லையா? ஆரம்பமும் முடிவும் சேர்ற அந்த இடத்துல கண்ணுக்குச் சரியாத் தெரியாத ஒரு சின்ன வெட்டு விழுந்துடுச்சு. அந்த ஓட்டையை அழுத்திக் குழி பண்ணினா... சில இடத்துல விரிசல்!

பெரிய தகட்டுல சின்னதா ஒரு வட்ட ஓட்டை இருந்தாலே, அதோட விளிம்புல ஸ்ட்ரெஸ் 3 மடங்கு ஆயிடும். இது புக்ல இருக்கு. பரீட்சையில எழுதி மார்க்கும் வாங்கியிருக்கேன். அந்த விளிம்புலயே ஒரு வெட்டும் இருந்தா? கம்பெனி சோதனை பண்ணிட்டு, 'பெரும்பாலான பார்ட்ஸ் தாங்கும்'னு சொல்லிச்சு. ஆனா, அதுக்குள்ள பல பேர் அந்த பார்ட்ஸை வெச்சு ரிவிட் அடிச்சே முடிச்சிருந்தாங்க. நம்பிப் பறக்கறதா, வருஷக்கணக்கா செஞ்ச வேலையை ட்ரில் பண்ணிப் பிரிக்கறதா? பார்ட்ஸை மாத்திக் கொடுக்கற செலவும் மத்த சுமையும் சேர்ந்து, 2023 டிசம்பர்ல கம்பெனியே திவால் பாதுகாப்பு கேட்டு கோர்ட்டுக்குப் போச்சு. ஆர்டர் கொடுத்துக் காத்திருந்தவங்களும் கூடுதலா பணம் கட்ட வேண்டியதாச்சு. 2024-ல கம்பெனி மீண்டு வந்துடுச்சு. எல்லாம் ஒரு ஓட்டையோட ஓரத்துல இருந்த வெட்டால! ஸ்ட்ரெஸ் கான்சன்ட்ரேஷன் சாப்டரை இனிமே நான் சாய்ஸ்ல விடறதா இல்ல.

நம்ம பக்கத்து ஸ்டேட்காரர் ஒருத்தரும் இந்த லிஸ்ட்ல இருக்கார். ஆலப்புழைக்காரரான அசோக் தாமராக்‌ஷன், இங்கிலாந்துல லாக்டவுன் சமயத்துல தென்னாப்பிரிக்க 'ஸ்லிங்' கிட்டை வாங்கி நாலு சீட் விமானம் கட்டி, 2022-ல ஃபேமிலியோட பறந்தார். அந்த கிட்டுல பெரும்பாலும் ஒரு பக்கமா இருந்தே இழுத்து மாட்டற பாப் ரிவிட்தான். அதனால இரும்புக் கட்டி பிடிக்க ஆள் தேடற வேலை கம்மி!

விங்குல எல்லாரும் பயப்படறது பெட்ரோல் டேங்க்கைப் பார்த்துதான். தனி டேங்க் கிடையாது. விங்கோட முன்பக்கமே டேங்க். பக்கத்துக்கு சுமார் 80 லிட்டர். ஒவ்வொரு ரிவிட்டையும் ஒரு நாத்தம் பிடிச்ச கறுப்புப் பிசின்ல முக்கி அடிக்கணும். முடிஞ்சதும் லீக் டெஸ்ட் எப்படித் தெரியுமா? டேங்க்ல ஒரு பிறந்தநாள் பலூனை மாட்டி லேசா காத்தடிச்சு, சோப்புத் தண்ணி தடவி, நாள்கணக்கா பலூனையே பார்த்துக்கிட்டு இருக்கணும். ராத்திரி குளிர்ல பலூன் தானா சுருங்கும். அதைப் பார்த்து 'போச்சுடா'னு தலையில கை வைக்கறதும், காலையில வெயில் வந்ததும் அது உப்பறதும் சகஜமாம்!

எல்லாம் முடிஞ்சு, ஆபீஸர் வந்து பார்த்து சர்ட்டிஃபிகேட் கொடுத்த பிறகும் உடனே ஃப்ரெண்டை ஏத்திக்கிட்டு ஊர் சுத்த முடியாது. முதல் 25 மணி நேரமோ 40 மணி நேரமோ - அது இன்ஜினைப் பொறுத்தது - குறிப்பிட்ட ஏரியாவுக்குள்ள, பொதுவா தனியாத்தான் ஓட்டிப் பார்க்கணும். கதவுக்கிட்ட கொட்டை எழுத்துல 'எக்ஸ்பெரிமென்டல்'னு எழுதியிருக்கணும். உள்ளே, 'இது அமெச்சூர் கட்டினது, வழக்கமான விமானத்துக்கான பாதுகாப்பு விதிகளுக்கு உட்பட்டதில்லை'னு ஒரு போர்டு வேற. இரும்புக் கட்டி பிடிச்ச வீட்டம்மா, அத்தனை நாளும் ரன்வே ஓரமா நின்னு அண்ணாந்து பார்த்துக்கிட்டிருக்க வேண்டியதுதான்.