ஏர் இந்தியாவை வாங்க இம்முறையேனும் ஆள் வருமா?

புதுடெல்லி, பிப். 3, 2020: கடன் சுமையில் தத்தளிக்கும் ஏர் இந்தியா நிறுவனத்தின் 100 சதவீதப் பங்குகளையும் விற்பதற்கான அறிவிப்பை மத்திய அரசு கடந்த ஜனவரி 27-ஆம் தேதி வெளியிட்டது. வாங்க விரும்புவோர் மார்ச் 17-ஆம் தேதிக்குள் விண்ணப்பிக்க வேண்டும். தனியார்மயமாக்காவிட்டால் நிறுவனத்தை மூட நேரிடும் என்று விமானப் போக்குவரத்துத் துறை அமைச்சர் ஹர்தீப் சிங் பூரி கடந்த நவம்பரில் மாநிலங்களவையில் தெரிவித்திருந்தார்.

நலிவு எப்படித் தொடங்கியது?

1932-இல் ஜே.ஆர்.டி. டாடா தொடங்கிய விமான நிறுவனம் 1953-இல் நாட்டுடைமையாக்கப்பட்டது. வெளிநாட்டுச் சேவையை ஏர் இந்தியாவும், உள்நாட்டுச் சேவையை இந்தியன் ஏர்லைன்ஸும் நடத்தி வந்தன. 2005-06-இல் இவ்விரு நிறுவனங்களுக்குமாக 111 புதிய விமானங்கள் வாங்க முடிவானது. இதற்கான பணத்தில் பெரும்பகுதி கடனாகவே பெறப்பட்டது. 2007-இல் இரண்டும் இணைக்கப்பட்டன. அதன்பின் நிறுவனம் ஓர் ஆண்டுகூட நிகர லாபம் ஈட்டவில்லை.

எரிபொருள் விலை உயர்வு, குறைந்த கட்டண நிறுவனங்களின் போட்டி ஆகியவற்றால் வருவாய் செலவுக்கு ஈடாகவில்லை. பழைய கடனுக்கு வட்டி கட்டவும் அன்றாடச் செலவைச் சமாளிக்கவும் புதிய கடன் வாங்கும் நிலை உருவானது. 2012 முதல் அரசு ரூ.30,000 கோடிக்கும் மேல் வழங்கியும், 2018-19-இல் மட்டும் இழப்பு ரூ.8,500 கோடியைத் தாண்டியது. அதாவது, நாளொன்றுக்குச் சுமார் ரூ.23 கோடி. மொத்தக் கடன் ரூ.60,000 கோடியை எட்டியுள்ளது.

இம்முறை என்ன மாற்றம்?

2018-இல் 76 சதவீதப் பங்குகளை மட்டும் விற்க அரசு முன்வந்தது. எஞ்சிய 24 சதவீதம் அரசிடமே இருந்தால் நிர்வாகத்தில் தலையீடு தொடரும் என்ற ஐயமும், வாங்குபவர் ஏற்க வேண்டியிருந்த சுமார் ரூ.33,000 கோடிச் சுமையும் முதலீட்டாளர்களைத் தயங்கச் செய்தன. ஒரு விண்ணப்பம்கூட வரவில்லை.

தற்போது அரசு முழுமையாக விலகுகிறது. வாங்குபவர் ஏற்க வேண்டிய கடன் சுமார் ரூ.23,286 கோடியாகக் குறைக்கப்பட்டுள்ளது. ஏர் இந்தியா எக்ஸ்பிரஸும் உடன் கிடைக்கும். லண்டன், நியூயார்க் போன்ற நகரங்களின் நெரிசல் மிகுந்த விமான நிலையங்களில் நிறுவனத்துக்குள்ள இறங்கும் நேர ஒதுக்கீடுகள் புதிதாக எளிதில் பெற முடியாதவை. ஆயினும், நிறுவனத்தின் பெரும்பான்மை உரிமையும் கட்டுப்பாடும் இந்தியர்களிடமே இருக்க வேண்டும் என்பதால், வெளிநாட்டு நிறுவனங்கள் தனித்து வாங்க இயலாது.

மீதிக் கடன் யார் தலையில்?

எஞ்சிய கடன் அரசின் தனி நிறுவனம் ஒன்றுக்கு மாற்றப்படும். நிலம், கட்டடங்களை விற்று அதை அடைக்கலாம் என்பது திட்டம். அது போதாவிட்டால், சுமை இறுதியில் வரி செலுத்துவோரையே சேரும். விற்பனை தோற்றால் 9,000-க்கும் மேற்பட்ட நிரந்தர ஊழியர்களின் நிலை கேள்விக்குறியாகும். கடந்த ஏப்ரலில் ஜெட் ஏர்வேஸ் முடங்கியபோது ஆயிரக்கணக்கானோர் வேலையிழந்ததை அவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

கொரோனா வைரஸ் பரவிய சீனாவின் வூஹானில் சிக்கியிருந்த 647 இந்தியர்களைக் கடந்த இரு நாள்களில் தாயகம் கொண்டுவந்தவை ஏர் இந்தியாவின் இரு ஜம்போ விமானங்களே. 1990-இல் குவைத் நெருக்கடியின்போது ஒரு லட்சத்துக்கும் அதிகமானோரை மீட்டதும் இந்நிறுவனமே. இலாபக் கணக்கில் வராத இத்தகைய பணிகளைப் புதிய உரிமையாளரிடம் அரசு எவ்வாறு பெறும் என்பதும் விற்பனையோடு சேர்ந்து விடை காண வேண்டிய கேள்வியாகும்.