தக்காளிச் செடிக்கு ஒரு கைத்தடி!

2023-ம் ஆண்டு ஜூலை மாதம். தக்காளி விலை கிலோ 100 ரூபாயைத் தாண்டியது. சென்னையில் ரேஷன் கடைகளில் 60 ரூபாய்க்கு விற்க அரசு ஏற்பாடு செய்தது. தக்காளி இல்லாமல் ரசம் வைப்பது எப்படி என்று வீட்டுக்கு வீடு பேச்சு.

கொல்லையில் நாலு செடி இருந்தால் இந்தக் கவலை பாதி குறையும். ஆனால் செடி வைப்பது பெரிதல்ல. அதை விழாமல் காப்பதுதான் பெரிது.

அதிலும் கடலோர ஊர் என்றால் கேட்க வேண்டாம். புதுச்சேரிக்கு வடக்கே, விழுப்புரம் மாவட்டத்தில் இருக்கிறது பொம்மையார்பாளையம். இங்கே கடற்காற்றுக்குப் பஞ்சம் இல்லை. ஐப்பசி, கார்த்திகையில் மழையும் சேர்ந்துகொள்ளும். 2024 நவம்பர் 30-ந் தேதி பெஞ்சல் புயல் புதுச்சேரி அருகேதான் கரையைக் கடந்தது. அந்த மாதிரிப் புயலில் பெரிய மரமே சாயும், தக்காளி எம்மாத்திரம்! ஆனால் சாதாரண மழைக்கும் காற்றுக்கும் அது விழ வேண்டியது இல்லை.

இடுப்பில் பலம் இல்லை

கத்தரியும் தக்காளியும் ஒரே குடும்பம். அக்காள் கத்தரி தானாக நிற்கிறாள். தங்கை தக்காளிக்குத்தான் இடுப்பில் பலம் இல்லை.

காரணம் உண்டு. தக்காளியின் தாயகம் தென் அமெரிக்கா. அங்கே காட்டுத் தக்காளி தரையில் படர்ந்து வளரும். காயும் சின்னஞ்சிறியது. நாம் வளர்ப்பதோ பெரிய காய் காய்க்கும் செடி. பாரம் தாங்காமல் கிளை தரையில் படுக்கிறது. ஈர மண்ணில் பட்ட காய் அழுகுகிறது. மழையில் தெறிக்கும் சேற்றோடு நோயும் அடி இலையில் ஏறுகிறது.

எப்போது நடுவது?

செடி சாய்ந்த பிறகு குச்சி தேடுவது பலருக்கும் வழக்கம். அது தவறு. அப்போது குச்சியை அடித்து இறக்கினால், பரவியிருக்கும் வேர் அறுபடும்.

நாற்று நட்ட 30-வது நாள் குச்சி நட வேண்டும் என்கிறது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம். வீரிய ஒட்டு ரகங்களுக்குச் சொன்ன கணக்கு இது.  தரையிலிருந்து 20 சென்டிமீட்டர் வரை உள்ள பக்கக் கிளைகளை ஒடித்துவிட வேண்டும். கோ.3 போன்ற குட்டை ரகத்துக்குச் சின்ன முட்டு போதும்.

குச்சிக்குக் கடைக்குப் போக வேண்டாம். இந்தப் பக்கம் சவுக்குக்குக் குறைவில்லை. பூவரசங் குச்சியைப் பச்சையாக நட்டுவிடாதீர்கள். அது தளிர்த்து, தக்காளியின் உரத்தில் பங்குக்கு வந்துவிடும்!

செடிக்கு நாலு விரல் தள்ளி, காற்று வரும் பக்கமாக நடுங்கள். மணல் நிலத்தில் ஓர் அடியாவது உள்ளே இறங்க வேண்டும். பிறகு வாழைநார் அல்லது பழைய சேலைக் கிழிசலால் 8 என்ற எண்ணைப் போலச் சுற்றிக் கட்டுங்கள். ஒரு வளையத்தில் குச்சி, மறு வளையத்தில் தண்டு. தண்டுக்கும் நாருக்கும் நடுவே சுண்டுவிரல் நுழைய வேண்டும். கம்பி கூடாது, தண்டை அறுத்துவிடும். செடி ஒரு சாண் வளர்ந்ததும் இன்னொரு கட்டு.

காய்ப்பு முடிந்ததும் குச்சியைப் பிடுங்கி, வெயிலில் காயவைத்து எடுத்து வைக்கலாம். வாடி மடிந்த செடியில் கட்டிய குச்சியை மட்டும் மறுபடியும் நடக் கூடாது. அது அடுப்புக்கு.