போகோட்டாவுக்கு ஒரு பேக்கர்லூ ரயில்

கொலம்பியாவின் தலைநகர் போகோட்டாவுக்கு லண்டனில் இருந்து பத்து மணித்தியாலத்துக்கு மேல் பறக்க வேணும். பள்ளிக்கூட விடுமுறையில் பிள்ளைகளோடு அவ்வளவு தூரம் எல்லாராலும் போக ஏலாது. ஆனால் அந்த ஊர்ச் சாப்பாட்டை ஒரு சனிக்கிழமை மத்தியானத்திலேயே சாப்பிட்டு வரலாம். ஹரோ, வெம்பிளிக்காரர் பேக்கர்லூ லைனில் ஏறிக் கடைசி ஸ்டேஷன் வரைக்கும் இருந்தால் போதும். டூட்டிங்காரருக்கு நோர்தர்ன் லைன், பாங்க் பக்கம் போகிற ரயில். இறங்க வேண்டிய இடம் எலிஃபன்ட் அண்ட் காஸில்.

முதலில் பசியாறுங்கள்

பிள்ளைகளுக்கு அரேப்பாவில் தொடங்குங்கள். சோள மாவில் தட்டிக் கல்லில் சுடுகிற ரொட்டி அது. சீஸ் வைத்ததைக் கேட்டு வாங்கினால் உறைப்பே இல்லை. வாழைக்காயை நசுக்கிப் பொரித்தது பத்தகோன். யூக்கா என்பது எங்கட மரவள்ளிதான். மரவள்ளிக்குத் தாய்வீடே தென்னமெரிக்கா என்பதைப் பிள்ளைகளிடம் சொல்ல மறக்காதீர்கள். கோழி, உருளைக்கிழங்கு, சோளம் போட்ட அஹியாக்கோ போகோட்டாவின் சூப். பனெலா எங்கட வெல்லம் மாதிரி. அதைக் கரைத்தால் அகுவாபனெலா.

ஒரு கவனம்: பந்தேஹா பைசா என்கிற பெரிய தட்டில் மாட்டிறைச்சி, பன்றியிறைச்சி இரண்டும் வரும். அதோடு வரும் அவரையையும் பன்றியிறைச்சி போட்டுச் சமைப்பதுண்டு. மரக்கறிக்காரர் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

பிறகு ஒரு நடை

ஸ்டேஷன் பக்கத்தில் பளபளவென்று ஒரு எஃகுப் பெட்டி நிற்கும். மின்சார விஞ்ஞானி மைக்கேல் ஃபாரடேயின் நினைவுச்சின்னம். உள்ளே ட்யூப் ரயிலுக்கான ட்ரான்ஸ்ஃபார்மர்! அவர் 1791இல் பிறந்ததும் இந்தப் பக்கம்தான். கொஞ்ச தூரம் நடந்தால் இம்பீரியல் வார் மியூசியம், இலவசம்.

இந்தக் கடைகளுக்குப் பின்னால் ஒரு கதை இருக்கு. 1965இல் திறந்த பழைய ஷாப்பிங் சென்டரில்தான் கொலம்பியர்களும் மற்ற லத்தீன் அமெரிக்கர்களும் வருசக்கணக்காகக் கடை வைத்திருந்தார்கள். 2020 செப்டம்பரில் அதை மூடி, பிறகு இடித்தார்கள். சிலருக்குப் பக்கத்திலேயே காஸில் ஸ்குவேரில் இடம் கிடைத்தது. எல்லாருக்கும் கிடைக்கவில்லை. ஈஸ்ட்ஹாம் ஹை ஸ்ட்ரீட்டில் மரக்கறி வாங்குகிற எங்களுக்கு இது அந்நியமான கதையே இல்லை. எங்கட கடைகளும் பெரும்பாலும் வாடகைக் கட்டிடங்களில்தான்.

அங்கே கவுன்டரில் நடப்பதையும் பிள்ளைகள் கொஞ்சம் கவனிக்கட்டும். சனம் வெட்கமில்லாமல் ஸ்பானிஷில் ஓடர் பண்ணும், பகிடி விடும், விலை கேட்கும். ஞாயிறு தமிழ்ப் பள்ளிக்கூடம் எழுத்தைச் சொல்லிக் கொடுக்கும்; காசு கொடுத்துச் சாமான் வாங்குகிற தமிழ் கடையில்தான் கிடைக்கும். அடுத்த கிழமை டூட்டிங்கில் வடை வாங்கும்போது நீங்கள் பின்னுக்கு நில்லுங்கள். பிள்ளை கேட்கட்டும்.