வெள்ளையை எங்கே வைப்பது: ஊடகம் குறித்துச் சில குறிப்புகள்

'விஷயம் ஒண்ணுதான், சொல்ற விதம்தான் வேற' என்று நம் இலக்கியக் கூட்டங்களில் யாராவது ஒருவர் சொல்லாமல் இருப்பதில்லை. உள்ளடக்கம் எங்கோ முன்னாலேயே தயாராகக் காத்திருக்கிறது, உருவம் பின்னால் வந்து அதற்குச் சட்டை மாட்டுகிறது என்ற இந்த நம்பிக்கை நாம் உருவவாதிகள் என்று திட்டுகிறவர்களிடம் மட்டுமல்ல, நம்மிடமும் இருக்கிறது. எனக்கு இதில் சந்தேகம் தட்டியதற்கு எந்தக் கோட்பாட்டு நூலும் காரணமில்லை. ஓவிய நண்பர் ஒருவர் மயிலாப்பூர்த் தெப்பக்குளத்தை மூன்று முறை வரைந்ததை அருகில் உட்கார்ந்து பார்த்தேன், அவ்வளவுதான். முதலில் வாட்டர் கலர், அடுத்து அக்ரிலிக், கடைசியில் கலர் பென்சில். ராமகிருஷ்ண மடம் சாலையிலிருந்து கிழக்கே பார்த்தால் தெரிகிற படிகள், நீராழி மண்டபம், பின்னால் கபாலீசுவரர் கோயில் கோபுரம். காலண்டரிலும் வாழ்த்து அட்டையிலும் பார்த்துப் பார்த்துப் புளித்துப்போன காட்சி. புளித்துப்போனதால்தான் எடுத்துக்கொண்டதாகச் சொன்னார்.

மோனே 1892-94இல் ரூவான் தேவாலயத்தை முப்பது தடவைக்கு மேல் வரைந்தது பலருக்கும் தெரிந்திருக்கும். அங்கே எண்ணெய் வண்ணம் மாறவில்லை, வெளிச்சம் மாறிக்கொண்டிருந்தது. நண்பர் செய்தது இதன் தலைகீழ். காலை ஏழு மணி வெளிச்சத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு கையிலிருந்த பொருளை மாற்றினார்.

நீர்வண்ணம் என்பது வேல மரப் பிசினில் குழைத்த நிறப்பொடி. தண்ணீர் அதைச் சுமந்துபோய்த் தாளில் இறக்கிவிட்டு ஆவியாகிறது. வண்ணத்தின் ஊடாகத் தாள் தெரிந்துகொண்டே இருக்கும். சுத்தமான நீர்வண்ணத்தில் வெள்ளை என்று தனியாக ஒரு நிறம் வைப்பதில்லை, தாள்தான் வெள்ளை. தண்ணீரின் மினுக்கத்தையும் படி விளிம்பையும் தூரிகையைத் தொடுவதற்கு முன்பே ஒதுக்கிவைத்துவிட வேண்டும். எதை வரையப் போவதில்லை என்ற முடிவில்தான் படம் தொடங்குகிறது. சித்திரை வெயிலில் ஒரு வாஷ் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் போவதற்குள் பாதியில் காய்ந்து கோடு விழுந்துவிடும். ஐப்பசியில் காயவே காயாது, வானம் கோபுரத்துக்குள் கசியும். இந்த அவசரத்தில் தெற்கு மாட வீதியில் காய்கறி விற்கிற பெண்கள் ஐந்தாறு சிவப்புப் புள்ளிகள் ஆனார்கள்.

அந்தப் புள்ளிகளுக்கு ஒரு வம்சாவளி உண்டு. நீர்வண்ண நிலக்காட்சி நம் ஊருக்கு வந்தது பெரும்பாலும் ராணுவ, நில அளவை அதிகாரிகளின் பைகளில்தான். இங்கிலாந்தில் வூல்விச் ராணுவக் கழகத்தில் பீரங்கிப் படை மாணவர்களுக்குச் சித்திரம் சொல்லிக்கொடுத்தவர் பால் சேண்ட்பி, பேர்பெற்ற நீர்வண்ணக்காரர். 1815இல் இந்தியாவின் முதல் சர்வேயர் ஜெனரல் ஆன காலின் மெக்கன்சியின் சேகரிப்பில் ஓலைச்சுவடிகளோடு சித்திரங்களும் குவிந்து கிடந்தன. 1792இல் மெட்ராஸுக்கு வந்த தாமஸ் டேனியல், வில்லியம் டேனியல் இருவரின் படங்களில் மனிதர்கள் நிற்பது பெரும்பாலும் கட்டடம் எவ்வளவு உயரம் என்று காட்டத்தான். நண்பரிடம் இதைச் சொன்னதும் அவருக்குக் கோபம் வந்துவிட்டது. 'ஐயா, ஈரம் காயறதுக்குள்ள ஆளுக்கு மூக்கு வச்சுக்கிட்டு இருக்கச் சொல்றீங்களா?' அவர் சொன்னதும் சரிதான். சோழமண்டலத்தை 1966இல் நிறுவிய கே.சி.எஸ். பணிக்கரும் நீர்வண்ண நிலக்காட்சியில் தொடங்கியவர்தானே. பிறப்பை வைத்து ஒரு ஊடகத்துக்குச் சாதி சொல்லிவிட முடியாது.

அக்ரிலிக் வேலை அடையாற்றில் அவர் வீட்டில் நடந்தது, ஃபேனை நிறுத்திவிட்டு. ஓடினால் பேலட்டிலேயே வண்ணம் காய்ந்துவிடும். தண்ணீரில் கரையும் அக்ரிலிக் 1950களில்தான் கடைக்கு வந்தது. ஈரம் இருக்கிறவரை தண்ணீரில் கரையும், காய்ந்ததும் பிளாஸ்டிக் தோலாகிவிடும், பிறகு கரையாது. இருட்டின் மேல் வெளிச்சத்தை வைக்கலாம், வெள்ளை குழாயிலிருந்து கடைசியாக வரும். மனசை மாற்றிக்கொள்ளலாம் என்பதுதான் இதன் வசதி. முதல் நாள் ஆளில்லாத குளம். மறுநாள் கீரைக்காரம்மா வந்தார். மூன்றாம் நாள் கைப்பிடிச் சுவர் அவரை மூடியது. நான்காம் நாள் மறுபடி வந்தார், கொஞ்சம் இடப்பக்கம் தள்ளி. முடிந்த படத்தில் இந்த வரலாறு எதுவும் தெரியாது. ஆரம்பத்திலிருந்தே அவர் அங்கேதான் உட்கார்ந்திருந்தார் என்று படம் சாதிக்கும். ஹாக்னி 1967இல் வரைந்த 'எ பிக்கர் ஸ்ப்ளாஷ்' அக்ரிலிக்தான். இரண்டு வினாடித் தெறிப்பை வரைய அவருக்குச் சுமார் இரண்டு வாரம் பிடித்தது. அந்த நீச்சல்குளத்துக்கு அந்த வழவழப்பு பொருந்துகிறது. நம் தெப்பக்குளம் மொசைக் தரை மாதிரி ஆகிவிட்டது. எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் விலைபோகிறது இதுதான், கேன்வாஸ் என்றால் ஒரு மரியாதை.

உண்மை அறியும் குழு அறிக்கைகள் எழுதுகிற தோழர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். முதல் நாள் ஒன்று சொல்லி, மூன்றாம் நாள் பயத்தில் மாற்றிச் சொல்லி, பிறகு திரும்பி வந்த சாட்சி, அச்சான அறிக்கையில் ஒரே குரலில் பேசுகிறார். மூடிய அடுக்குகள் எங்கே போயின? அதே சம்பவத்தைக் கவிதையாக எழுதுகிறவர் வேறொன்று செய்கிறார். முதலிலேயே வெள்ளையை ஒதுக்கிவிடுகிறார், அந்த வெள்ளைக்குள் யாருடைய முகம் போனது என்று அவரைக் கேட்க முடிவதில்லை. செசான் விஷயம் இங்கே எனக்கு முக்கியமாகப் படுகிறது. சேன்ட் விக்டோர் மலையை அவர் எண்ணெயிலும் வரைந்தார், நீர்வண்ணத்திலும் வரைந்தார். நீர்வண்ணத்தில் தாளை வெறுமையாக விட்டுப் பழகிய கை, கடைசிக்கால எண்ணெய் ஓவியங்களிலும் கேன்வாஸை அங்கங்கே மூடாமல் விட்டது. ஒரு ஊடகத்தில் கற்ற கூச்சத்தை அடுத்த ஊடகத்துக்கு அவரால் கொண்டுபோக முடிந்தது. நம் நண்பரால் முடியவில்லை, எல்லாவற்றையும் மூடினார்.

கலர் பென்சில், மகளுக்குப் பாண்டி பஜாரில் வாங்கிய டப்பா. மெழுகில் கலந்த நிறம். தாளின் சொரசொரப்பில் மேடுகளை மட்டும் தொட்டுக்கொண்டு போகும், பள்ளங்களில் வெள்ளை தங்கிவிடும். நன்றாக அழுத்தித் தேய்த்தாலொழிய அந்த வெள்ளையைத் துரத்த முடியாது, அழுத்திவிட்டால் பிறகு அடுத்த அடுக்கு ஏறாது. ஒரு கறும்பச்சைக்கு ஆறேழு அடுக்கு வேண்டும், எனவே மூன்று வாரக் காலைகள். மலிவான பென்சில் வெளிச்சத்தில் வெளுத்துப்போகும் என்பது நியாயமான புகார்தான். ஆனால் 'அது பசங்க சமாச்சாரம்' என்று காலரிக்காரர்கள் ஒதுக்குவதற்கு அது மட்டுமே காரணமில்லை. காசுக்கும் கலைக்கும் உள்ள உறவு நமக்குத் தெரியாததா? சிற்றிதழ்களின் முகம் கோட்டோவியமாக அமைந்ததற்கு ஆதிமூலத்தின் கை ஒரு காரணம் என்றால், கறுப்பு ஒன்றை மட்டும் அச்சடிக்கத்தான் கையில் காசிருந்தது என்பது இன்னொரு காரணம்.

பசங்க சமாச்சாரமாக இருந்ததில் ஒரு லாபமும் இருந்தது. வாட்டர் கலர் டப்பாவைத் திறந்தபோது கூடிய கூட்டம் பென்சிலுக்குக் கூடவில்லை. தண்ணீர் தம்ளர் வைக்க இடம் தேட வேண்டியதுமில்லை. நண்பர் மெல்ல மெல்ல நகர்ந்து தெற்கு மாட வீதியில் கீரைக்கடைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். அதே காட்சி என்ற அவருடைய சோதனை விதி அங்கே உடைந்தது. கோபுரம் ஓரத்துக்குப் போய்விட்டது, ஈரச்சாக்கும் மடக்கிய முழங்காலும் முன்னால் வந்துவிட்டன.

'அண்ணே, முந்தி வரைஞ்சதுல நான் எங்க இருந்தேன்?' என்று அந்தம்மா கேட்டார். நண்பர் புள்ளியைக் காட்டினார். அவர் சிரித்தார். பிறகு பென்சில் படத்தைப் பார்த்துவிட்டு, 'முருங்கைக்கீரை இம்மாம் பச்சையா இருக்காதே, பத்து மணிக்கெல்லாம் வாடிடும்' என்றார். மூன்று வாரக் கீரை ஒன்றின் மேல் ஒன்றாக அதில் கிடக்கிறது என்று சொல்ல நண்பர் வாயெடுத்தார். அதற்குள் யாரோ வந்து கட்டு என்ன விலை என்று கேட்க, அந்தம்மா அந்தப் பக்கம் திரும்பிவிட்டார்.